சென்சஸ் ஏடும் சேலைப் பட்டியலும்

(எங்கள் மருத்துவமனையைத் தாங்கிவரும் நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில், பழைய பதிவேடுகளைக் கவனிக்கும் குழுவினர் ஆற்றிய உரை. நேரம் கருதி அன்று விடுபட்ட சில பகுதிகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



வழக்கமாக இந்தக் கூடுகையில் டாக்டர்மார் பேசுவார்கள், அல்லது நர்சிங் சூப்பரிண்டெண்ட் அம்மா பேசுவார்கள். இந்த ஆண்டு ரெக்கார்டு அறையில் தூசி தட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் பேசச் சொல்லிவிட்டார்கள். எத்தனை கண் ஆபரேஷன், எத்தனை பிரசவம் என்ற கணக்கெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது. நாங்கள் சொல்லப்போவது ஒரே ஒரு அம்மாவைப் பற்றி. அவர்கள் காலமாகி எண்பது வருஷத்துக்கு மேலாகிறது.

மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் எங்களுக்குக் கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1912 வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா தோட்டத்துக்குப் போனவர். கூடவே நாலு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். பையனின் தாயார் ஊரிலேயே இறந்துவிட்டதாகத்தான் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பையன்தான் பெரியவரின் தாத்தா. அவர் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியின் அடியில் ஒரு தபால் கார்டு கிடைத்திருக்கிறது. 1928ஆம் வருஷத்து முத்திரை. தாயார் சொல்ல, யாரோ ஒரு உபதேசியார் எழுதிக்கொடுத்த கார்டு. "நான் சுகம், பிள்ளை சுகத்துக்கு எழுதவும், பண்டிகைக்குச் சேலை கொடுத்தார்கள்" என்ற அளவில்தான் செய்தி. கீழே எங்கள் பழைய ஏழைகள் விடுதியின் பெயர்.

ஆக, 1912இல் இறந்துபோனதாகச் சொல்லப்பட்டவர் 1928இல் உயிரோடு இருந்திருக்கிறார். அவர் யார், எப்போது வரை இருந்தார், எங்கே அடக்கம்பண்ணப்பட்டார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்பது பெரியவரின் கேள்வி. அதோடு ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் இருக்கிற அவருடைய மருமகன், தன் தாய்வழி மூதாதை ஒருவர் தர்மச் சாலையில் இருந்ததை அந்த நாட்டுப் பழைய சென்சஸில் பெயரோடு கண்டுபிடித்தாராம். "நீங்களும் 1921, 1931 சென்சஸைப் பாருங்களேன்" என்று எழுதியிருந்தார்.

எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. எங்களில் ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் ஓய்வுபெற்ற ஆபீஸ் கிளார்க், ஒருவர் வார்டு சிஸ்டர். சரித்திரம் படித்தவர்கள் யாரும் இல்லை. சென்சஸ் என்றால் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டோம்.

அப்படியல்ல என்று தெரிந்துகொள்ளவே இரண்டு மாதம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1841 முதல் வீட்டுவாரியாக ஒவ்வொருவர் பெயரும் எழுதி, அந்த ஏடுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் உண்டு. தர்மச் சாலை, ஆஸ்பத்திரி, சிறைச்சாலை என்றால் அதன் மேலாளரே உள்ளிருப்போர் அத்தனை பேரையும் வரிசையாக எழுதித் தரவேண்டும். நூறு ஆண்டு கழித்து அந்த ஏடுகளை யாரும் பார்க்கலாம். 1921ஆம் ஆண்டு ஏடு 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கேயும் ஓட்டைகள் உண்டு. சில அநாதை விடுதிகளிலும் மனநோய்க் காப்பகங்களிலும் முழுப்பெயர் எழுதாமல் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டார்கள். 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்தே போய்விட்டன. ஆனாலும் தேடுகிறவருக்கு ஏதோ ஒரு வருஷத்தில் ஒரு பெயர் அகப்படும்.

நம் நாட்டில் நடந்தது வேறு. சென்னை மாகாணத்தில் 1871 நவம்பர் 15ஆம் தேதி முதல் பெரிய ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே நாளில் எடுத்தது 1881 பிப்ரவரி 17இல். அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை. முன்கூட்டியே வீடுகளுக்கு எண் போட்டு, வீட்டாரை எழுதி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட அந்த ஒரு இரவில் கணக்காளர் மறுபடியும் வீடு வீடாகப் போய், வந்தவரைச் சேர்த்து, போனவரை அடித்துச் சரிபார்ப்பார். சத்திரம், ரயிலடி, கோயில் வாசல், ஆற்றங்கரை என்று வழிப்போக்கர்கள் தங்கும் இடங்களிலும் கணக்கு எடுத்தார்கள். நம் மதுரை ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறதே, அந்தச் சென்சஸ் இரவுகளில் அதன் திண்ணையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள் என்று எங்கள் கிளார்க் ஐயா சொல்வார். அது அவருடைய கற்பனை. ஆனாலும் பொருத்தமான கற்பனைதான்.

ஆஸ்பத்திரி, ஜெயில், காப்பகங்களில் அங்கே பொறுப்பில் இருந்தவர்களே கணக்காளர்கள். ஆகவே 1921 மார்ச் 18ஆம் தேதி இரவும், 1931 பிப்ரவரி 26ஆம் தேதி இரவும் எங்கள் விடுதியின் அப்போதைய மேனேஜர் உட்கார்ந்து எல்லார் பெயரையும் எழுதித்தான் இருப்பார். அந்த அட்டவணையில் பெயர் இருந்தது, மதம் இருந்தது, வயது, ஜாதி, பாஷை, பிறந்த ஜில்லா இருந்தது. கடைசிப் பகுதியில் அங்கஹீனம்: பைத்தியம், பிறவிச் செவிட்டூமை, இரண்டு கண்ணும் தெரியாமை, குஷ்டம். வார்த்தைகளை மன்னிக்க வேண்டும், அன்றைய பாரத்தில் இருந்த பிரிவுகள் இவை.

பிறகு அந்த அட்டவணை என்னவாயிற்று? 1901 முதல் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிறு துண்டுச் சீட்டு எழுதினார்கள். மதத்துக்கு ஒரு நிறம். அந்தச் சீட்டுகளை அறை அறையான பெட்டிகளில் பிரித்துப் போட்டு, எண்ணி, கட்டுக்கட்டிக் கூட்டுத்தொகை போட்டார்கள். கூட்டுத்தொகை அச்சாகி வந்த பிறகு அட்டவணையும் சீட்டும் வேண்டாத காகிதம். கழித்துவிட்டார்கள். இருப்பது தடித்தடியான அறிக்கைகள் மட்டும். 1901இல் மதுரை நகரத்தில் 1,05,984 பேர் இருந்தார்கள் என்று அவை சொல்லும். அந்த ஒரு லட்சத்து சொச்சத்தில் ஒருவருடைய பெயரையும் அவை சொல்லாது.

பெயர் இருந்திருந்தாலும்கூட எங்கள் அம்மா அகப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகமே. பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால், வற்புறுத்தாமல் 'ஸ்திரீ' என்று மட்டும் எழுதிக்கொள்ளும்படி அந்நாள் கணக்காளர்களுக்கு அனுமதி இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிமனிதரைப் பற்றிய ஏடுகளை யாரும் பார்க்கக் கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்டக் கூடாது என்கிறது. நூறு வருஷம் கழித்துத் திறக்கலாம் என்ற பேச்சும் அதில் இல்லை. ஜனங்கள் பயமின்றி உண்மையைச் சொல்லவேண்டும் என்பதற்காக வைத்த காவல் அது, நியாயமானதுதான். 1951இல் மட்டும் சென்சஸ் சீட்டுகளிலிருந்து பெயர்களை எடுத்து ஒரு தேசியப் பதிவேடு எழுதி வைத்தார்கள். பின்னாளில் அசாமில் அந்த ஏட்டை வைத்து எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பதைச் செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள்.

எஸ்றாவின் புத்தகத்தில், சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களில் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் அது அகப்படாமல், ஆசாரிய ஊழியத்துக்குப் புறம்பானார்கள் என்று ஒரு இடம் வருகிறது. வாசித்துக் கடந்துபோகிற பகுதி. எங்களில் சிஸ்டர்தான் ஒருநாள் காலை ஜெபத்தில் அதை வாசித்துவிட்டு, "நம்ம விடுதிக்காரங்க கதைதானே இது" என்றார்.

அச்சான அறிக்கைகள் வீண் என்று சொல்லவரவில்லை. பெயர் இல்லாவிட்டாலும், நம் ஏழைகளை அன்றைய உலகம் எந்த வரிசையில் வைத்தது என்பதை அவற்றில் பார்க்கலாம். 1921, 1931 அறிக்கைகளின் தொழில் அட்டவணையில் கடைசிப் பக்கத்துக்குப் போனால், சிறைவாசிகள், காப்பகவாசிகள், தர்மச் சாலைவாசிகள் மூவருக்கும் சேர்த்து ஒரே வரி. அதற்கு அடுத்தாற்போல் பிச்சைக்காரர், நாடோடிகள், விலைமாதர். இவர்கள் எல்லாரும் 'உற்பத்தி செய்யாதோர்'. எங்கள் விடுதியில் கண் தெரியாத அம்மாமார் நாள் முழுவதும் கயிறு திரித்தார்கள், ஓலைப்பெட்டி முடைந்தார்கள் என்று சமையல் கணக்கிலேயே இருக்கிறது. என்ன செய்வது, அட்டவணையில் அதற்கு இடமில்லை.

தொழுநோய்க் கணக்கும் அப்படித்தான். இந்தியா முழுவதிலும் 1901இல் சுமார் 97,000 பேர், 1911இல் சுமார் 1,09,000, 1921இல் சுமார் 1,02,000, 1931இல் சுமார் 1,47,000 என்று அறிக்கைகள் காட்டுகின்றன. இவ்வளவுதானா என்று அந்நாளிலேயே டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். நோய் முற்றி விரல் போனவர்களைத்தான் கணக்காளருக்குத் தெரியும். தேமல் அளவில் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவாகக் காட்டப்பட்டதற்கு, வீட்டார் மறைத்ததும் முக்கியமான காரணம். மறைக்காமல் என்ன செய்வார்கள்? 1898ஆம் வருஷத்துச் சட்டப்படி, பிச்சையெடுக்கிற தொழுநோயாளியைப் போலீஸ் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கலாம். அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2016இல் என்று சொன்னால் நம்புவீர்களா?

1931க்குப் பிறகு அந்தக் கேள்வியே சென்சஸிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. 1981இல் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது சிறிது கேட்டார்கள். ஊனம் பற்றி முறையாகக் கேட்கத் தொடங்கியது 2001இல்.

நம் பெரியவர் கேட்டதற்கு ஒரு மாற்று வழியும் யோசித்தோம். கப்பல் ஏறிப் போனவர்களின் பட்டியல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேரைப் பற்றி, அவர்கள் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் வரை கப்பல்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மதுரை ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. ஆனால் நம்மவர் போனது மலாயாவுக்கு, கங்காணி மூலம். அந்த வகையில் போனவர்களுக்கு அவ்வளவு விவரமான ஏடு கிடையாது. ஊரைவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குப் போன மனிதரின் மச்சம்கூட ஏட்டில் இருக்கிறது, ஊரிலேயே கிடந்த அவர் மனைவியின் பெயர் எதிலும் இல்லை. முதலாளிக்கு ஆள் வேண்டும், ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் வேண்டும், அதற்காக எழுதினார்கள்.

பஞ்ச காலத்திலும் இதுவே கதை. சென்னையில் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய ஸ்டான்லி; வடசென்னை ஜனங்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சமவெளி காய்ந்து கிடந்தபோது இங்கேயும் கஞ்சித்தொட்டிகள் வைத்தார்கள். 1871இல் 22 லட்சத்துக்கு மேல் இருந்த மதுரை ஜில்லா, 1881 கணக்கில் 21 லட்சத்து சொச்சமாகக் குறைந்திருந்தது. நகரமோ 51,987இலிருந்து 73,807 ஆகப் பெருகியிருந்தது. கிராமம் காலியாகி நகரத்துக்கு வந்தவர்களும் அதில் இருக்கத்தானே செய்வார்கள். தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் பெயரை மதுரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

சரி, எங்கள் அம்மாவிடம் வருகிறோம்.

சென்சஸ் கைவிட்ட பிறகு எங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டில் முதல் புத்தகம் இல்லை. கறையான் தின்றுவிட்டது என்கிறார்கள். அட்டை மட்டும் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே சொல்லவில்லை. பாக்கியம், மரியாள், ஞானம்மாள் என்பதுபோல எல்லா ஊரிலும் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடக்கப் பதிவேட்டில் 1931 ஆகஸ்ட்டில் அதே பெயர், வயது 45, 'விடுதியைச் சேர்ந்தவர்' என்று கண்டோம். மகன் பிறந்தது 1908 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வயது மிகச் சரியாக வந்தது.

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே பெரியவருக்கு எழுதிவிட்டோம். அவருடைய குடும்பத்தார் முப்பது பேர் கூடி, நூறு வருஷமாகச் செய்யாத நினைவு ஆராதனையைச் செய்தார்கள். போட்டோவும் அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து, பழைய ஸ்டோர் ரூமில் ஒரு பீரோவைத் திறந்தபோது, சணல் கயிற்றில் கட்டிய நோட்டுகள் கிடைத்தன. அரிசிக் கணக்கும் சேலைக் கணக்கும். வாரத்துக்கு எத்தனை படி அரிசி யாருக்கு அளந்தது என்பது ஒன்று. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு யாருக்கு என்ன துணி கொடுத்தது என்பது மற்றது. 1932 சேலைப் பட்டியலில் எங்கள் அம்மாவின் பெயர். 1933இலும் இருக்கிறது. 1931இல் அடக்கமானவர் 1933இல் சேலை வாங்குகிறார்!

பின்னால் புரட்டினோம். 1926 முதல் அதே பெயரில் இரண்டு பேர். ஒருவர் கிழக்கு லயன், ஒருவர் மேற்கு லயன். 1931இல் போனவர் கிழக்கு லயனைச் சேர்ந்தவர். மேற்கு லயன் என்பது தொழுநோய் கண்டவர்கள் இருந்த வரிசை.

அந்த ராத்திரி எங்களில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. வேறொருவருடைய கொள்ளுப்பாட்டிக்காக அந்தக் குடும்பம் ஜெபித்திருந்தால்? அல்லது முதலில் சொன்னதே சரியாக இருந்து, இப்போது நாம் போய்க் குழப்பினால்? இரண்டு பெண்களில் யார் திருமங்கலத்து அம்மா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயதை வைத்து முடிவுசெய்தது எங்கள் பிழை. அந்நாள் சென்சஸ் அதிகாரிகளுக்கே தெரிந்த சங்கதி இது: நம் ஜனங்கள் வயதைக் கேட்டால் முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று சைபரிலும் ஐந்திலும் முடித்துச் சொல்வார்கள். அறிக்கைகளின் வயது அட்டவணையில் அந்த இடங்களில் மட்டும் ஆட்கள் குவிந்து கிடப்பதைக் காணலாம். இதை வாசித்துவிட்டுத்தான் '45' என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

விடை சேலைப் பட்டியலிலேயே இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'சாயம்' அல்லது 'வெள்ளை' என்று எழுதியிருந்தார்கள். முதலில் துணியின் தரம் என்று நினைத்தோம். சிஸ்டர்தான் பார்த்தவுடனே சொன்னார்: "கைம்பெண்ணுக்கு வெள்ளை, மற்றவங்களுக்குச் சாயச் சேலை." கிழக்கு லயன் அம்மாவுக்குத் தொடக்கத்திலிருந்தே வெள்ளை. மேற்கு லயன் அம்மாவுக்கு 1926 முதல் 1933 வரை எட்டு வருஷமும் சாயச் சேலை. 1934 கிறிஸ்துமஸில் வெள்ளை. அதற்குப் பிறகு கடைசிவரை வெள்ளை.

காரணத்தைச் சொல்லாமல் மலேசியாவுக்கு எழுதி ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் காலமானார்? பதில் வந்தது. 1934 மே மாதம், தோட்டத்து லயத்தில், காய்ச்சலில்.

இப்போது எங்களுக்கு வேறொரு கஷ்டம். மேற்கு லயன் என்றால் என்ன என்பதைச் சொல்வதா வேண்டாமா? மருத்துவமனையின் ரெக்கார்டு நோயாளியின் இரகசியம். எழுபது எண்பது வருஷம் போனால் அது இரகசியம் இல்லையென்று ஆகிவிடுமா? அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு இருக்கிற பெண்பிள்ளைகள் உண்டு. மருந்தால் தீர்கிற நோய் என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். கமிட்டியில் இரண்டு கூட்டம் பேசினோம். ஒருமனப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். கடைசியில், முதல் தகவல் தவறு, அதற்காக மன்னிப்புக் கேட்கிறோம், அம்மா உண்மையில் 1941 வரை இருந்தார்கள், இன்னும் ஒரு விவரம் இருக்கிறது, அது அவர்கள் ஏன் விடுதிக்கு வந்தார்கள் என்பதைப் பற்றியது, வேண்டுமென்றால் மட்டும் சொல்லுகிறோம் என்று எழுதினோம்.

பெரியவர் டெலிபோனிலேயே கூப்பிட்டார். "என்ன நோய் என்று எனக்கு ஏற்கெனவே தோன்றிவிட்டது. நாலு வயதுப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறதற்கு எங்கள் பக்கத்தில் வேறு காரணம் என்ன இருக்கும்?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "1934இல் வெள்ளைச் சேலை என்றால், யாரோ அவர்களுக்கு எழுதித் தெரிவித்திருக்கிறார்கள் அல்லவா? எங்கள் தாத்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது" என்றார்.

எழுதியது மகனா, தோட்டத்துக் கிராணியா, கூடப்போன ஊர்க்காரரா என்று எங்கள் நோட்டில் இல்லை. அந்தத் தபால் கார்டை அவர் தாத்தா வீசியெறியாமல் பெட்டியின் அடியில் வைத்திருந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

அரிசிக் கணக்கில் அந்த அம்மாவின் பெயர் 1941 நவம்பர் மூன்றாம் வாரத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. அடக்கப் பதிவேட்டிலும் அதே வாரம். வயது 60 என்றிருக்கிறது. எங்கள் கணக்குப்படி ஐம்பத்து மூன்றுக்கு மேல் இராது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எழுதிவைத்த பட்டியலில் அவர்கள் பெயர் இருந்து, பிறகு கோடு போட்டு, சேலை வேறொரு அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டது.

நண்பர்களே, இந்த நோட்டுகள் ஏன் இருக்கின்றன என்று யோசித்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. சர்க்காருக்குத் தொகை போதும். தொகை கிடைத்ததும் பெயரை எறிந்தார்கள். இந்தச் சேலைகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். நம் கிராமச் சபைகளின் மாதர் சங்கங்களும், கடலுக்கு அப்பாலுள்ள ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும், நாங்கள் அனுப்பிய காசுக்குச் சேலை வாங்கினீர்களா, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சில சமயம் நச்சரித்துக் கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் அலுத்துக்கொண்டு ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் உண்டு. அந்தத் தொந்தரவினால்தான் வருஷாவருஷம் பெயர்வாரியாகப் பட்டியல் எழுதப்பட்டது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் சென்சஸைவிட இது நெருக்கமான கணக்கு. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன் பாஸ்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருப்பதும் இதே வகைதான். கணக்குக் கேட்பவர் இருந்ததால் ஏடு இருந்தது. ஆகவே இனி நீங்கள் ரசீது கேட்டு எங்கள் ஆபீசுக்கு எழுதினால் நாங்கள் முகம் சுளிக்கமாட்டோம்.

இப்போது எங்கள் முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது வெட்கமாயிருந்தது. பாதிப் பேருக்கு ஊர் என்ற இடத்தில் 'மதுரை' என்று மட்டும் எழுதியிருக்கிறோம். உசிலம்பட்டியும் மதுரை, மேலூரும் மதுரை, மானாமதுரையிலிருந்து வந்தவரும் மதுரை. ஆதார் அட்டையில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, எங்கள் ஏட்டில் இன்னொரு எழுத்து என்று இருப்பதால் முதியோர் பென்ஷன் இரண்டு பேருக்கு நின்றுகிடக்கிறது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்காளர் வரும்போது கேட்கிற கேள்விகளுக்கு நாம் பதில் சொல்வோம். அவர் கையில் போகிற விவரம் நமக்குத் திரும்பி வராது. ஆகையால் எங்கள் ஏட்டை நாங்களே திரும்ப எழுதத் தொடங்கினோம். பழைய பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், கிராமம், எந்தத் தெரு, கூடப்பிறந்தவர்கள் யார், எதற்காக இங்கே வந்தார்கள். ஒருவரோடு உட்கார்ந்தால் ஒரு மத்தியானம் போய்விடுகிறது. சிலர் அழுகிறார்கள். ஒரு தாத்தா தன் கிராமத்தின் கண்மாய், மடை, எந்த மடையில் யாருக்கு எந்த முறைத் தண்ணீர் என்பதுவரை சொல்லி, அத்தனையும் எழுதினால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தார். எழுதினோம்.

ஒரு அம்மா மட்டும் ஊரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். பதினோரு வருஷமாக எங்களோடு இருக்கிறார்கள். "எம் பேரு போதும்யா. ஊரு எழுதினா யாராச்சும் தேடி வருவாக, வேணாம்" என்றார்கள். பின்னால் பேரப்பிள்ளைகள் தேடினால் என்ன செய்வது என்று மலேசியாக் கதையைச் சொல்லிப் பார்த்தோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா கார்டு எழுதுச்சு, அதுக்கு மனசு இருந்துச்சு. எனக்கு இல்ல" என்றார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, சொல்ல விரும்பவில்லை என்று எழுதி, அவர்கள் கைநாட்டை வாங்கிக்கொண்டோம்.

இந்த வருஷச் சேலைப் பட்டியலும் தயாராகிவிட்டது. சாயம், வெள்ளை என்ற வழக்கத்தை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவரவருக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டு எழுதுகிறோம். ஊர் சொல்லாத அந்த அம்மாவின் பெயருக்கு நேரே 'பச்சை, அரக்குக் கரை' என்று இருக்கிறது.